யாருமில்லாத மூலையில் நிற்கும் பேருந்து

டீக்குச் சர்க்கரை வேண்டாம். அக்கா பழக்கிவிட்டது. "நாள் பூரா உக்காந்தே வேல பாக்குறவனுக்கு எதுக்குடா சர்க்கரை" என்பாள். முதலில் கசந்தது, பிறகு அதுவே ருசியாகிவிட்டது. மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். என் தொழிலே அதை நம்பித்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்க வந்தது சின்ன விஷயம். ஓட்டுநர் இல்லாத எங்கள் பேருந்துகள், தையல் கடை இருக்கும் மூலைக்கு வந்தால், சாயங்கால வேளையில், சாலையில் யாருமே இல்லாதபோதும் வேகம் குறைத்து நின்றுவிடுகின்றன. புகார்கள் வந்திருக்கின்றன. ஒருவர் பேய் என்றே எழுதியிருக்கிறாராம். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் படம் ஒரு பேருந்தின் முன் கேமரா எடுத்தது. இடது கையில் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலது உள்ளங்கையை உயர்த்தியபடி சாலையைக் கடக்கிறவன் நான்தான். முகம் தெளிவாக இல்லை, ஆனாலும் மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நேராக அந்தப் படத்துக்குப் போனால் உங்களுக்குப் புரியாது. பாதி விளக்கம் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காத காரியம். அடியிலிருந்து வருகிறேன்.

ஒரு பேருந்து நிற்பதற்குப் பார்வை மட்டும் போதாது. பார்த்த பிறகு பிரேக் போட்டால் தாமதம். நல்ல ஓட்டுநர் பார்ப்பதற்கு முன்பே எதிர்பார்ப்பார். பள்ளிக்கூட வாசல் வந்தால், ஒரு பிள்ளைகூடக் கண்ணில் படாவிட்டாலும், அவர் கால் தானாகப் பிரேக்கின்மேல் போய் உட்காரும். எங்கள் பேருந்துகளுக்கும் நாங்கள் அதைத்தான் கற்றுக்கொடுத்தோம். எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பணிமனைக்குத் திரும்பியதும் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளும். ஒன்று பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி. பெயரையோ முகத்தையோ வைத்துக்கொள்ளாது, அதற்கு அனுமதி இல்லை. நடையை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒருவர் தோளை எப்படிச் சாய்க்கிறார், எந்தக் காலைக் கொஞ்சம் பிந்தி எடுத்து வைக்கிறார் என்பது கையெழுத்தைப் போன்றது. கூட்டத்தில்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த மூலையில் அவை எதிர்பார்ப்பது என் அக்காவின் நடையை.

அக்கா இப்போது இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால், அதே மூலையில், எங்கள் பேருந்து ஒன்று இடித்து இறந்துபோனாள். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். விபத்து என்று முடிவானது. அந்த அறிக்கையை எழுதியவன் நான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணிகளை அளவு திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்குவது, கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. கழுத்தில் எப்போதும் அளவுநாடா. சிறுவயதுக் காய்ச்சலில் இடது கால் சற்று இழுத்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்து ஓட்டலின் சிப்பந்திகள் போடும் சீருடைகளைத் திருத்தி, இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, சாயங்காலமானால் சாலையைத் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். அந்தத் தெருவில் அவளுக்குக் 'கை அக்கா' என்று பெயர். அந்தப் பெயர் வந்ததற்கும் நான்தான் காரணம்.

ஓட்டுநர் இருந்த காலத்தில் சாலையைக் கடப்பது ஒரு பேச்சுவார்த்தை. நீங்கள் ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பீர்கள், அவர் உங்கள் கண்ணைப் பார்ப்பார். அரை நொடிகூட ஆகாது. நீ போ, நான் நிற்கிறேன் என்று முடிவாகிவிடும். ஒரு வார்த்தை இல்லாமல், உலகம் முழுக்க, நாள் முழுக்க, இந்தப் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு. ஓட்டுநரை எடுத்துவிட்டால் அந்தக் கண் போய்விடுகிறது. சோதனை ஓட்டத்தின் முதல் வாரம் ஜனங்கள் நடைபாதை ஓரத்தில் வந்து நின்று, பேருந்தின் வெறும் கண்ணாடியைப் பார்த்து விழித்தார்கள். பேருந்தும் நின்றது, அவர்களும் நின்றார்கள்.

கண்ணுக்குப் பதிலாகக் கை இருக்கட்டும் என்று யோசனை சொன்னவன் நான். உள்ளங்கையைக் காட்டினால் பேருந்து நிற்க வேண்டும். பழக்கிக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டபோது அக்காவைக் கூப்பிட்டேன்.

"டேய், இதுக்குக் கண்ணே இல்லையே. நான் யார் மூஞ்சியப் பாத்து நடக்குறது?"

"அதுக்கு உடம்பெல்லாம் கண்ணுக்கா. நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். கையக் காட்டு, நேரா நட. திரும்பிப் பாத்தீன்னா உன் நடை மாறிடும், அது கொழம்பிப் போயிடும். பாக்காமப் போ."

"நீ சொல்றே. நான் போய்ச் சேந்துட்டா உங்க மாமாவுக்கு யாரு வடிச்சுக் கொட்டுறது?"

"நான் கூடவே வர்றேன்ல."

முதல் சில தடவைகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். கழுத்தைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் பார்ப்பாள். அதையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். அப்புறம் பயம் போய்விட்டது. கை உயரும், "நில்லுடா தங்கம்" என்பாள், பேருந்து நிற்கும். தாண்டும்போது அதன் மூக்கில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவாள். முன்பக்கத்தில் எதுவும் பட்டால் உணரக்கூடிய தகடு ஒன்று வைத்திருக்கிறோம். அந்தத் தட்டை, 'ஆள் தாண்டியாகிவிட்டது, இனிப் போகலாம்' என்பதாகப் பேருந்துகள் தாங்களாகவே புரிந்துகொண்டன. நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

நல்லது எதுவும் அளவோடு நிற்பதில்லை. அக்காவைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் கை காட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஊரே கை காட்டியது. பேருந்து எப்போதும் நிற்கும் என்று தெரிந்துவிட்டால் யார் காத்திருப்பார்கள்? ஒருவர் பின்னால் ஒருவராகச் சாலையில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஆள் பேருந்துக்கு எதிரிலேயே நின்று, கையை உயர்த்தியபடி, போனில் தன் சம்பந்தியோடு சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் வேலைக்குத் தாமதமானார்கள், டயாலிசிஸுக்குத் தாமதமானார்கள். "நடந்தே வந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்து தூங்கியும் எந்திரிச்சிருக்கலாம்" என்று ஒரு பாட்டியம்மா சொன்னது பதிவில் இருக்கிறது. நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். ஆனால் அந்த அம்மாள் மறுநாள் பேருந்தில் ஏறவில்லை.

எங்கள் தலைவருக்குக் 'கம்பியார்' என்று பட்டப்பெயர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே பதில், கம்பி வேலி.

"ஜனங்களத் திருத்த முடியாதுப்பா. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கம்பி போட்டுரு. மேல ஒரு பாலம் கட்டு. கதை முடிஞ்சுது."

"கால் முடியாதவங்க எப்படி சார் ஏறுவாங்க?"

"மெதுவா ஏறட்டும். உடம்புக்கு நல்லது."

வேலி வந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். தெரு இரண்டாகப் பிளந்துவிடும். பேருந்து ஒரு கூண்டு, நடைபாதை இன்னொரு கூண்டு. மனிதர்களும் இயந்திரங்களும் ஒரே சாலையைப் பங்குபோட்டுக்கொள்ள முடியும் என்பதற்காகத்தான் நான் அத்தனை வருடம் உழைத்தேன். தவிர, அக்கா தன் காலை வைத்துக்கொண்டு பாலம் ஏறமாட்டாள். ஓட்டல் வேலை போனால் கடை போகும். கடை போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். கடையைத் தவிர அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் செய்ததை எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

கோளாறு எங்கே என்று யோசித்தேன். பழைய ஓட்டுநர்கள் யாரையும் வேண்டுமென்று இடித்ததில்லை. ஆனால் இடித்தாலும் இடிக்கலாம். அந்த 'லாம்'தான் ஊரை நடத்தியது. அதற்குப் பயந்துதான் ஜனங்கள் பார்த்தார்கள், காத்திருந்தார்கள், முறை கொடுத்தார்கள். எங்கள் பேருந்தில் எல்லாம் இருந்தது, அந்த ஒரு சிட்டிகை சந்தேகம் மட்டும் இல்லை. உணவில் உப்பு போல. உப்பு யாருக்கும் கெடுதல் செய்வதில்லை, அளவு தெரிந்தவர் போட்டால்.

முதலில் பாசாங்கு செய்து பார்த்தோம். பேருந்தை மெல்ல ஊர்ந்து முன்னே வரச் செய்தோம், உறுமவும் வைத்தோம். இரண்டே நாளில் ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "சும்மா பூச்சாண்டி காட்டுது" என்று சிரித்தார்கள். சந்தேகம் என்பது உண்மையாக இருந்தால்தான் சந்தேகம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, எல்லோரும் பார்க்கும்படி, பேருந்து நிற்காமல் இருக்க வேண்டும்.

இதை அக்காவிடம் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா, அதாவது அவள் கணவர், டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு நாள் அது நிக்கலேன்னா என்ன பண்ணுவே?"

"நீ பண்ணினது எப்படிடா நிக்காமப் போகும்?"

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

"நிக்கலேன்னா பஸ்ஸ எதுக்குத் திட்டணும். நேரா வந்து உன் முதுகுல ரெண்டு வைப்பேன்."

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் பங்குக்கும் ஒண்ணு வையி" என்றார். மூவரும் சிரித்தோம். அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். இது நமக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயம் என்று அவளே சொல்லிவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் அவள் என்று கேட்பீர்கள். அந்தத் தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அவளே தயங்கினால் தெருவே தயங்கும். அடுத்து, அவள் நடையைப் பேருந்துகள் துல்லியமாக அறியும். அதனால் உத்தரவை அவளுக்கு மட்டும் என்று குறுக்க முடிந்தது, வேறொருவருக்கு ஆபத்து வராது. மூன்றாவதுதான் முக்கியமானது. முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அது குற்றம். அக்கா என்றால் பிறகு உட்கார்ந்து விளக்கிச் சொல்லலாம். அவள் முதுகில் இரண்டு வைப்பாள், அப்புறம் மன்னிப்பாள். ஏன் நீயே போய் எதிரில் நிற்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை.

செய்த வேலை சின்னது. அந்த மூலையில், அந்த நடை வந்தால், உயர்த்திய கைக்குக் கொடுக்கும் மதிப்பைக் குறைத்தேன், பிரேக்கைத் தாமதப்படுத்தினேன். ஒரே தடவைக்கு. படும்போது வேகம் ஒருவர் மெதுவாக ஓடும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டி வைத்தேன். பேருந்து அவ்வளவு நிதானமாக வந்தால் தூரத்திலேயே தெரியும். கால் முடியாதவள் பின்வாங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன். அநேகமாகப் படவே படாது. பேருந்து நிற்காததைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பின்னால் நகர்வாள், கூச்சல் போடுவாள், தெரு பார்க்கும். அதிகம் போனால் தோளில் ஒரு சிராய்ப்பு. மழை இல்லாத, தரை வழுக்காத ஒரு நாளாகப் பார்த்தேன். ஓட்டல் வாசலில் தண்ணீர் பாட்டிலோடும் முதலுதவிப் பெட்டியோடும் நின்றேன். முதலில் ஓடிப்போகிறவன் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் கடையிலிருந்து வெளியே வந்தாள். கையில் மடித்த வெள்ளைச் சட்டைகள். எதிரே என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வேலை நேரத்தில் நான் அந்தப் பக்கம் வருவதில்லை. உள்ளங்கையை உயர்த்தினாள், சாலையில் இறங்கினாள். கண் என்மேல்தான் இருந்தது. "என்னடா இந்நேரத்துல, சாப்ட்டியா" என்று அங்கிருந்தே கேட்டாள்.  பேருந்து இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, நான் கட்டி வைத்த வேகத்தில், எல்லோருக்கும் தெரியும்படி. தெருவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. "நில்லுடா தங்கம்" என்று சொல்வது உதட்டசைவில் தெரிந்தது.

பட்டபோது வேகம் நான் கட்டியதைவிட இம்மியளவும் கூடவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். விழுந்த இடத்தில் நடைபாதையின் கல் விளிம்பு இருந்தது. தலை அதில் பட்டது. பேருந்து உடனே நின்றுவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், ஆனால் கொடுக்க வழியில்லை. சட்டைகளில் ஒன்றை எடுத்து அவள் தலைக்கு அணை கொடுத்தேன்.

அன்றே அந்த உத்தரவை அழித்தேன். கையில் தொங்கிய வெள்ளைத் துணிகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்து, உயர்த்திய கையைப் பேருந்து கவனிக்க முடியாமல் செய்துவிட்டன என்று அறிக்கை எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாமாவும் ஒப்புக்கொண்டார். "நான் அவகிட்ட எத்தன தடவ சொல்லிருக்கேன் மாப்ள, கை நிறையத் துணிய வெச்சிக்கிட்டு நடக்காதேன்னு. உன் பஸ்ஸு மேல தப்பு இல்ல" என்று என் தோளைத் தட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நிலையில் அவருக்கு ஆறுதல் தேவைப்பட்டது.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும், நியாயமாக. கணக்கு பலித்தது. மறுநாளிலிருந்து ஜனங்கள் நடைபாதை ஓரத்தில் நின்று பார்த்தார்கள். கை காட்டினாலும் பேருந்து நிற்கிற வரைக்கும் பொறுத்திருந்தார்கள். பேருந்துகள் நேரத்துக்குப் போயின. அந்தப் பாட்டியம்மா மறுபடியும் ஏறினார். வேலி போடும் யோசனையைக் கம்பியார் கைவிட்டார். வேறு ஊர்களிலிருந்து வந்து எங்கள் தெருவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மனிதரும் இயந்திரமும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் தெரு எங்குமே இல்லை என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஒன்றுதான் மிச்சம். அந்த மூலையில் பேருந்துகள் அவளை எதிர்பார்ப்பதை நிறுத்தவில்லை.

அது பேய் இல்லை. அவை அப்படித்தான் வேலை செய்கின்றன. அத்தனை சாயங்காலங்கள் அவள் வந்தாள், ஆகவே இன்றும் வருவாள் என்று கால் பிரேக்கின்மேல் போய் உட்கார்கிறது. அவள் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கிறது. அப்புறமும் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. அது தட்டுக்காக. ஒருவரும் தட்டாவிட்டால் தயங்கித் தயங்கி நகர்கிறது. இந்த ஞாபகம் தேயக்கூடியது. வராத ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும்படிதான் செய்திருக்கிறோம். இந்நேரம் மறந்திருக்க வேண்டும். ஏன் மறக்கவில்லை என்பதுதானே உங்கள் கேள்வி? உங்கள் படத்தில் இருக்கிறது பதில்.

தேய்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் போனேன். தேய்ந்துகொண்டுதான் இருந்தது. பேருந்து சற்றே வேகம் குறைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. சரியாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். கடைச் சாவி என்னிடம் இருந்தது, மாமா அந்தப் பக்கமே வருவதில்லை. உள்ளே, யாரும் வாங்க வராத துணிகள் கொக்கியில் தொங்கின. ஒன்றை எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்தேன். சின்ன வயதில் அவளைக் கேலி செய்வதற்காக அப்படி நடந்து காட்டி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். உடம்பு மறந்திருக்கவில்லை. கையை உயர்த்தி, திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

தூரத்திலேயே வேகம் குறைத்து, எதிரில் வந்து நின்றுவிட்டது. அவளுக்கு நின்ற மாதிரியே. மூக்கில் தட்டினேன், போயிற்று. அடுத்த நாளும் போனேன். அது அக்காவைப் பார்த்துவிட்டதாகப் பணிமனைக்குப் போய் மற்றவற்றிடம் சொல்லும். எல்லாம் நம்பும். இந்த ஊரில் அவள் செத்துப்போனது தெரியாமல் இருப்பது இந்தப் பேருந்துகளுக்கு மட்டும்தான்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல், படுத்துவிட்டேன். எழுந்து வந்து அன்றைய பதிவைப் பார்த்தேன். பேருந்து நின்றிருக்கிறது. அது எதிர்பார்ப்பு. பிறகு மூக்கில் தட்டு விழுந்ததாகப் பதிந்துவிட்டு, தயங்காமல் கிளம்பியிருக்கிறது. கேமராவில் சாலை காலி. ஒரு சருகு விழுந்திருக்கலாம். அங்கே மரம் இல்லை. தகடு பழுதாகியிருக்கலாம், கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. விளக்கம் இருக்கும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். பேருந்துகளில் குற்றம் இல்லை. கடைசிவரை அவை சொன்னதைத்தான் செய்தன. அந்த உத்தரவை எழுதியவன் நான், அழித்தவன் நான், துணிமேல் பழி போட்டவனும் நான். என் அக்காவை என் பேருந்தை விட்டு இடிக்கச் சொன்னேன், ஓட்டல் வாசலில் நின்று பார்த்தேன். கையெழுத்து எங்கே வேண்டும் என்று சொல்லுங்கள்.

வேகம், தூரம், தரை, வெயில் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். என் பக்கம் ஒரு பிசகும் இல்லை. அவ்வளவு பெரிய வண்டி பக்கத்தில் வரும்போது அவள் ஏன் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை என்பதற்கு மட்டும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது பார்த்துப் போக வேண்டும் என்று அவளிடம் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.